பிலிப்பைன்ஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் பாட்லக்: முதல்முறை போகிறவர்களுக்கு

தாவாவோவில் மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள், மணிலாவில் ஐடி வேலைக்கு வந்தவர்கள் என்று பிலிப்பைன்ஸில் இருக்கிற தமிழர்களுக்குப் பெரும்பாலும் முதல் டிசம்பரிலேயே ஓர் அழைப்பு வந்துவிடும். வகுப்புத் தோழியோ, ஆபீஸ் டீம் லீடோ, வீட்டு ஓனரம்மாவோ, "எங்க வீட்ல பாட்லக், கண்டிப்பா வந்துடணும்" என்பார்கள். அது ஒப்புக்குச் சொல்வது இல்லை. வராவிட்டால் மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

பாட்லக் என்றால் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு போய்ப் பகிர்ந்து சாப்பிடுவது. அவ்வளவுதானே என்று நமக்கு நன்றாக வருகிற ஒன்றைச் சமைத்துத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ஏற்கெனவே நாலு தட்டு அதே மாதிரி இருக்கும். மேசையில் எது குறைகிறது என்று முதலில் விசாரித்து அதைக் கொண்டு போங்கள். உங்கள் கைப்பக்குவத்தைக் காட்டுவதெல்லாம் அப்புறம்.

நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்

"கிறிஸ்துமஸுக்கு வா" என்றால் எந்த நாள் என்று திரும்பக் கேட்க வேண்டும். இங்கே செப்டம்பரிலேயே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன்னால் ஒன்பது நாள் பூசை, அதற்குச் சிம்பாங் கபி என்று பெயர். 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசைக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது நோச்சே புவேனா. இப்போது பல குடும்பங்கள் மாலைப் பூசையை முடித்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கும் வரை காத்திருந்து சாப்பிடுகின்றன. 25 மதியம் சொந்தக்காரர்கள் கூடுகிற விருந்து தனி. டிசம்பர் 31 நள்ளிரவில் மேடியா நோச்சே என்று இன்னொன்று.

நாளைப் பொறுத்து எடுத்துப் போவதும் மாறும். நோச்சே புவேனாவுக்கு ஹாம், மெழுகு பூசிய சிவப்பு உருண்டை சீஸ், சூடான சாக்லேட் பானம் இதெல்லாம் வீட்டுக்காரர்கள் பொறுப்பு. 25 மதியம்தான் முழு பாட்லக். மேடியா நோச்சேவுக்கு உருண்டையான பழங்கள் பன்னிரண்டு மேசையில் இருக்க வேண்டும், மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு. அன்று பலர் கோழி சமைக்க மாட்டார்கள். கிளறிக் கிளறிக் கொத்தித் தின்கிற பிராணி என்பதால், வருகிற வருஷமும் அன்றாடங்காய்ச்சியாகவே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. சிக்கன் வறுவலோடு போய் நிற்பதற்கு அது சரியான ராத்திரி இல்லை. ஒரு தர்பூசணி தூக்கிக்கொண்டு போனால் போதும், வாசலிலேயே கைதட்டுவார்கள்.

எல்லாரும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இக்லேசியா நி கிறிஸ்தோ சபையினர் கொண்டாடுவதில்லை, ரத்தம் சேர்த்துச் செய்த தினுகுவானையும் தொட மாட்டார்கள். செவன்த் டே அட்வென்டிஸ்ட் குடும்பங்களில் பன்றிக்கறி கிடையாது. மிண்டனாவோவில் முஸ்லிம் நண்பர்களும் பாட்லக்கில் இருப்பார்கள். ஆபீஸ் பாட்லக் என்றால் பன்றியைத் தவிர்த்துவிடுவது எப்போதும் நல்லது.

குரூப் சாட்டில் பெயரைப் போடுங்கள்

இங்கே வாட்ஸப்பை விட ஃபேஸ்புக் மெசஞ்சர்தான் ஓடும். பாட்லக்குக்கென்று ஒரு குரூப் தொடங்கி, யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று பட்டியல் போடுவார்கள். பேப்பர் தட்டு, ஐஸ், கோக் என்று சுலபமானவை முதல் மணி நேரத்திலேயே பறிபோய்விடும். பட்டியலில் பெரிய ஐட்டங்களுக்கு நேராக அந்த வீட்டு லோலா, அதாவது பாட்டி, அல்லது மூத்த தீத்தா, அதாவது அத்தையோ சித்தியோ, பெயர் இருக்கும். அவற்றோடு போட்டிக்கு நிற்காதீர்கள். ஒரு தீத்தாவின் காரே-காரே, அதாவது நிலக்கடலைக் குழம்பில் வேகிற மாட்டுக்கறி, இருக்கிற மேசையில் இன்னொருவர் காரே-காரே வைப்பதில் உள்ள அரசியலை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முழுப் பன்றியைச் சுட்ட லெச்சோன் வருகிறது என்றால், எல்லாரும் பணம் போட்டு வாங்குவதாக இருக்கலாம். அந்தப் பங்குக்கு அம்பாக் என்பார்கள், ஜிகேஷ் என்கிற மொபைல் பண ஆப்பில் அனுப்பிவிடலாம். மணிலா பக்கத்து லெச்சோனுக்கு ஈரல் சாஸ் உண்டு. செபு தீவுக்காரர்கள் பன்றியின் வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லைத் திணித்துச் சுடுவார்கள், சாஸ் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எது உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில் தலையிடாமல் இரண்டையும் சாப்பிடுவதே விவேகம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் வர்த்தகத் துறைச் செயலாளர், ஒரு குடும்பத்தின் நோச்சே புவேனாவுக்கு 500 பெசோ போதும் என்று சொல்லப்போய், ஊரே பொங்கி எழுந்தது. ஹாம் விலை தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஒரு தட்டுக்கே அந்த அளவு செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான்களை டிசம்பர் 15க்குள் வாங்கிவிடுங்கள். வருஷக் கடைசியில் கூடுதலாகத் தருகிற பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை டிசம்பர் 24க்குள் கொடுத்தாக வேண்டும் என்று 1975லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தப் பணம் கைக்கு வந்த பிறகு சூப்பர் மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது.

என் ஓட்டு லும்பியாவுக்கு

புதிதாக வருகிறவர்கள் செய்ய ஏற்றது லும்பியாங் ஷாங்காய், விரல் தடிமனில் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்தது. எத்தனை வந்தாலும் தீர்ந்துபோகும், குழந்தைகள் சமையலறைக்குள் புகுந்து திருடுவதும் இதைத்தான். பட்டியலில் வேறு யாராவது போட்டிருந்தாலும் பரவாயில்லை, இரண்டு தட்டு லும்பியா எந்த வீட்டிலும் மிஞ்சாது.

அரைக் கிலோ கைமா, பன்றியோ கோழியோ. ஒரு கேரட், ஒரு பெரிய வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, எல்லாம் பொடிப்பொடியாக. கேரட்டைத் துருவினால் தண்ணீர் விடும், பிழிந்துவிட்டுச் சேருங்கள். ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், மிளகுத் தூள், உப்பு. பிசைந்த பிறகு ஒரு சிட்டிகையை எண்ணெயில் பொரித்து வாயில் போட்டுப் பாருங்கள். உப்பைச் சரி செய்ய அதுதான் கடைசி சந்தர்ப்பம். பச்சை மிளகாய் போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். பிக்கோல் பகுதிக்காரர்களைத் தவிர இந்த ஊரில் காரம் தாங்குகிறவர்கள் குறைவு.

லும்பியா தாள் காய்கறி, மீன் விற்கிற சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை முதலில் பொறுமையாகப் பிரித்து, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து முறியும். தாளின் ஓரமாகச் சுண்டுவிரல் தடிமனுக்குக் கறியை நீளமாக வைத்து, காற்று புகாமல் இறுக்கிச் சுருட்டி, முனையில் முட்டை வெள்ளைக்கரு தடவி ஒட்டுங்கள். தடிமனாகச் சுருட்டினால் தாள் கருகும், உள்ளே கறி வேகாது. ஒரு நீளச் சுருளை இரண்டு மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளலாம். அரைக் கிலோ கைமாவில் சின்னதாக முப்பது நாற்பது தேறும்.

இரண்டு நாள் முன்பே சுருட்டி ஃப்ரீசரில் போட்டுவிடலாம் என்பதுதான் லும்பியாவில் உள்ள பெரிய வசதி. பொரிக்கும்போது உறைந்தபடியே மிதமான சூட்டு எண்ணெயில் போடுங்கள். வெளியே வைத்து இளக விட்டால் தாள் நனைந்து கிழிந்துவிடும். பொரித்ததைத் தட்டில் படுக்கப் போடாமல் வடிகூடையில் நிற்க வைத்தால் எண்ணெய் கீழே இறங்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடிபோட்ட டப்பாவில் அடைக்கவே கூடாது. ஆவி தங்கி, மொறுமொறுப்பு போய், வாழைப்பழத் தோல் மாதிரி துவண்டுவிடும். தொட்டுக்கொள்ளக் கடையில் விற்கிற இனிப்பு மிளகாய் சாஸ் போதும். வினிகரில் பூண்டு நசுக்கிப் போட்டது இன்னும் நன்றாயிருக்கும்.

அங்கே போய்ப் பொரிக்கலாம் என்று நினைத்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி மாலை அந்த வீட்டு அடுப்பில் இடம் கிடைப்பது துர்லபம்.

பன்சித் செய்வதாக இருந்தால்

பிறந்தநாளோ பண்டிகையோ பன்சித் இல்லாமல் மேசை நிறையாது. நீள நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கு என்பது நம்பிக்கை, அதனால் உடைக்கவோ வெட்டவோ கூடாது. பட்டியலில் யாரும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பார்வைக்கு நம் சேமியா உப்புமாவின் உறவுதான்.

அரைக் கிலோ பிஹோன், அதாவது மெல்லிய அரிசி நூடுல்ஸ், பத்துப் பேருக்குத் தாராளம். பத்து நிமிஷம் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டுங்கள். கோழியை முன்பே வேக வைத்து உரித்துக்கொண்டு, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். பூண்டு, வெங்காயம் வதக்கி, கோழி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் சேர்த்துக் காய்கறி நறுக்கென்று இருக்கும்போதே பாதியை வெளியே எடுத்துவிடுங்கள், கடைசியில் மேலே தூவ. வாணலியில் மீதியோடு நான்கைந்து கப் கோழி வெந்த தண்ணீர், சோயா சாஸ், மிளகு. கொதித்ததும் நூடுல்ஸைப் போட்டு, தண்ணீர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்ட வேண்டும். அவித்த முட்டையும், பாதியாக வெட்டிய கலமான்சியும் மேலே. கலமான்சி கிடைக்காத இடத்தில் எலுமிச்சை.

எடுத்துப் போக பிலாவோ வாங்கிக்கொள்ளுங்கள், வட்டமான மூங்கில் தட்டு. வாழையிலை விரித்து அதில் பரப்பினால் ஆறவும் செய்யும், பார்க்கவும் அழகு. பன்சித் சீக்கிரம் ஊசிப்போகும். நன்றாக ஆறாமல் மூடினால் சாயங்காலத்துக்குள் வாடை வரும்.

அடோபோ, இனிப்பு, மற்றவை

அடோபோ எல்லாருக்கும் பிடித்தது, வினிகர் இருப்பதால் சீக்கிரம் கெடாது, பிரயாணத்துக்குத் தோதானது. ஆனால் தினசரிச் சாப்பாடு. பண்டிகை மேசையில் அதற்கு அவ்வளவு கவனிப்பு இராது. வேறு எதுவும் வராது என்றால் செய்யுங்கள். கோழி, சோயா சாஸ், வினிகர், பூண்டு, முழு மிளகு, பிரியாணி இலை. வினிகர் ஊற்றிய பிறகு அதன் பச்சை வாசனை போகும்வரை கிளறக் கூடாது என்பது இந்த ஊர்ப் பாட்டிமார் விதி.

இனிப்பில் லெச்சே ஃப்ளான் செய்ய ஆசை வரும். பத்து முட்டை மஞ்சள் கரு, ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு டின் எவாப்பரேட்டட் மில்க். நுரை வராமல் கலந்து வடிகட்டி, அடியில் சர்க்கரைப் பாகு உருக்கிய லியானேராவில், அதாவது முட்டை வடிவத் தகர அச்சில், ஊற்றி ஃபாயில் மூடிச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் அவிக்க வேண்டும். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாக வரும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் பாகு இளகி அச்சிலிருந்து விடும். பிகோ இதைவிடச் சுலபம்: பசையரிசியைத் தேங்காய்ப்பால், நாட்டுச் சர்க்கரையோடு கிளறி இறக்கினால் ஆயிற்று. வாழையிலையில் கொட்டித் துண்டு போடலாம். பூசை முடிந்து வரும் வழியில் கோயில் வாசலில் பிபிங்கா என்கிற அரிசிமாவு கேக்கும் புட்டோ பும்போங்கும் சுடச்சுட விற்பார்கள். புட்டோ பும்போங்கை ஊதா நிறத்தில், மூங்கில் குழாயில் அவித்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். அவற்றை வீட்டில் செய்ய முயலாமல் வாங்கிக்கொண்டே போங்கள்.

நம் ஊர்ப் பதார்த்தம் ஒன்று கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். கூடுதலாக ஒன்று கொண்டு போகலாம். தேங்காய்ப்பாலில் செய்த ஜவ்வரிசிப் பாயசம் நன்றாக எடுபடும், ஜவ்வரிசியும் தேங்காய்ப்பாலும் இவர்கள் கையாள்வதுதான். ஏலக்காய்க்குப் பதில் பந்தான் இலை, இலங்கைத் தமிழர் ரம்பை என்பார்களே அது, ஒரு முடிச்சுப் போட்டால் வாசனை இவர்களுக்குப் பழகினதாக இருக்கும்.

சமைக்கவே வழியில்லாத ஹாஸ்டல் வாசிகள் ஜாலிபீ சிக்கன் பக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவம் என்றால்

இதை முன்னாலேயே சொல்லிவிடுவது அவசியம். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீனை வைப்பார்கள். காய்கறிக் கூட்டிலும் பகோஓங் என்கிற இறால் விழுதோ, பாத்திஸ் என்கிற மீன் சாஸோ இருக்கும். "ஹிந்தி போ அக்கோ குமாக்காயின் நங் கர்னே, மனோக், இஸ்டா, ஹிப்போன்" என்று கறி, கோழி, மீன், இறால் நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பகெட்டியும் தப்பாது. வாழைப்பழ கெட்சப் சேர்த்த இனிப்புச் சாஸில் சிவப்பு ஹாட்டாக் துண்டுகள் மிதக்கும். அந்த கெட்சப்பை உருவாக்கியவர் என்று மரியா ஓரோசாவைச் சொல்வார்கள், இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த உணவு விஞ்ஞானி.

நல்ல வழி, உங்களுக்கான சாப்பாட்டை உங்கள் பங்காகவே கொண்டு போவது. பண்டிகை மேசையில் குறைகிற பொருளே காய்கறிதான். பரங்கிக்காயும் காராமணிக்காயும் வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு வதக்கித் தேங்காய்ப்பாலில் வேக வைத்தால் கினாத்தாங் கலபாசா. இறால் போடாமல் நீங்களே செய்துவிடலாம், நமக்கு ஓலன் மாதிரி இறங்கும். லெச்சோன் திகட்டிப்போன தீத்தாமார் இரண்டாம் முறை வந்து அள்ளிக்கொள்வது இதைத்தான்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் காரே-காரேயில் கவனமாக இருங்கள். நிலக்கடலைக் குழம்பில் மாட்டு வாலும் குடலும் கத்தரிக்காயும் வாழைப்பூவும் வேகும். இதில் நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்றும் சொல்கிறார்கள். 1762ல் மதராஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. கூட வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பிப் போகாமல் காயின்டா என்ற ஊரில் தங்கிக் குடும்பமானார்கள். இது வரலாறு. ஊர்க் குழம்பு ஏக்கத்தில் அவர்கள் சமைத்ததுதான் காரே-காரே ஆனது என்பது செவிவழிக் கதை. சாப்பாட்டு மேசையில் எடுத்துவிட நல்ல கதை.

போய்ச் சேர்ந்ததும்

விருந்துக்கு ஏழு மணி என்றால் ஏழரைக்கு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். ஆனால் சாப்பாடு கொண்டு வருகிறவர் தாமதிக்கக் கூடாது. 23, 24 தேதிகளில் மணிலா டிராஃபிக்கில் அரை மணிப் பயணம் இரண்டு மணி நேரம் ஆகும், வாடகைக் காரும் கிடைக்காது. மதியமே கிளம்புங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், உள்ளே போட வேறு செருப்பு தருவார்கள். பெரியவர்களிடம் "மானோ போ" என்று சொல்லி அவர்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் லோலா உங்களைப் பேரப்பிள்ளைக் கணக்கில் சேர்த்துவிடுவார். நண்பரின் அப்பா அம்மாவை தீத்தோ, தீத்தா என்றும், உங்களைவிடச் சற்று மூத்தவர்களை கூயா (அண்ணன்), ஆத்தே (அக்கா) என்றும் கூப்பிடலாம். பார்த்ததும் "குண்டாயிட்டியே" என்பார்கள். நம் பெரியம்மாக்களிடம் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

செபம் முடியும்வரை தட்டில் கை வைக்கக் கூடாது. பிறகு சோறு முதலில், மற்றவை அதன் மேல். வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். கையால் சாப்பிட்டாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு வாயாவது எடுங்கள், சமைத்தவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பார். தட்டில் கடைசியாக ஒரே ஒரு லும்பியா கிடக்கும், கூச்சத்தில் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். நீங்களும் எடுக்க வேண்டாம், யாராவது வற்புறுத்தித் தரும்வரை.

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசு மாற்றிக்கொள்வது இருக்கும், அதன் விலை வரம்பை குரூப்பில் முன்பே போட்டிருப்பார்கள். அப்புறம் வீடியோக்கே, அதாவது கரோக்கே. மைக் உங்கள் கைக்கு வராமல் போகாது. மறுத்துப் பார்ப்பதை விட ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்காருவது சுலபம், சுருதி பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கிளம்பும்போது

மீந்ததைக் கட்டிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று ஒரு முறை சொல்லலாம், இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று காலி டப்பாக்களைப் பையில் எடுத்துப் போவது உத்தமம். அந்த வீட்டு நல்ல டப்பர்வேரில் வாங்கி வந்தால் திருப்பிக் கொடுக்கும்வரை அதன் ஞாபகமாகவே இருப்பார்கள். உங்கள் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் அது உங்களிடமே திரும்ப வரும். பிளேட் கழுவ எழுந்தால் தடுப்பார்கள், மேசையையாவது துடைத்துக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பன்சித்தையும் மயோனைஸ் போட்ட மக்ரோனி சாலடையும் நேரே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். அடோபோ மூன்று நாள் தாங்கும், நாள் ஆக ஆக ருசி. ஹாமைப் பொடியாக நறுக்கிப் பூண்டுச் சோற்றில் வதக்கினால் காலை டிபன். லெச்சோன் மிச்சம் கிடைத்தால் வினிகரும் ஈரல் சாஸும் ஊற்றிப் பக்சீவாகக் கொதிக்க வையுங்கள்.